பின் சக்கரப் புராணம்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் வர்ணத்தைப் பார்க்கிறார்கள். மணியை அடித்துப் பார்க்கிறார்கள். ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து கால் தரையில் எட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். இக்காலத்தில் கியர் எத்தனை என்றும் எண்ணிக் கொள்கிறார்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அது கோணாமல் ஓடுகிறதா என்று பார்ப்பவர் வெகு சிலரே. மலிவு விலைச் சைக்கிளுக்கு வியாதி ஆரம்பிக்கும் ஸ்தானமோ அந்தச் சக்கரந்தான். அதிலும் பின் சக்கரம்.

நமது வாகனம் எட்டாயிரம் ரூபாய் பெறும். பள்ளிக்கூடம் போய்வர தினம் 12 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சியிலிருந்து காவிரிக் கரையோரமாகக் கல்லணை வரையில் ஓர் உல்லாச யாத்திரை. மூன்றாவது மாதம் அந்தக் கல்லணைச் சாலையிலே, வீணைத் தந்தி அறுந்தாற் போல் 'டிங்' என்று ஒரு சப்தம். கம்பி ஒன்று போயிற்று. சக்கரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உராய ஆரம்பித்தது. அடுத்த மாதம் இன்னொன்று. பதினைந்து நாள் கழித்து மற்றொன்று. மூன்றும் பல்சக்கரம் இருக்கும் வலப்புறத்துக் கம்பிகள். மூன்றும் ஹப்பின் துவாரத்திலே கொக்கி போல் வளையும் இடத்தில் ஒடிந்தவை.

விற்ற கடைக்காரர் நமது தேகத்தை ஏற இறங்கப் பார்த்து, "கனம் ஜாஸ்தி, ஸார்! வீலையே மாற்றிவிடுங்கள்" என்றார். அறுபது கிலோ உபாத்தியாயரைத் தாங்காத சக்கரம் வேறு யாரைத் தாங்கும்? முன்னே 32, பின்னே 40 கம்பிகள் கொண்ட பழைய கறுப்புச் சைக்கிள்கள் ஆளையும் பால் கேன்களையும் சேர்த்தல்லவா சுமந்தன!

உண்மைக் காரணத்தைப் புளியமரத்தடியில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் சொன்னார். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினார். ஒன்று 'டிங்' என்றது. அடுத்தது 'டொக்' என்றது. "கம்பி இறுக்கத்தாலே ஒடியலீங்க, வாத்தியாரையா. தளர்ச்சியாலே ஒடியுது" என்றார்.

விந்தையாகத் தோன்றினாலும் அது பௌதிக சாஸ்திரத்துக்கு முற்றிலும் பொருந்திய வார்த்தை. மெல்லிய கம்பி இழுப்பைத் தாங்குமே தவிர, அழுத்தத்தைத் தாங்காது. ஆகையால் எல்லாக் கம்பிகளையும் முதலிலேயே விறைப்பாக இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். சக்கரம் உருளும்போது தரைப்பக்கம் வரும் கம்பியின் இழுப்புச் சற்றுக் குறைந்து, மேலே போனதும் மீள்கிறது. இருபத்தாறு அங்குலச் சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 தடவை சுற்றும்; நமது பள்ளிக்கூடப் பிரயாணத்தில் மட்டும் தினம் 5,700-க்கு மேல். போதிய இழுப்பு இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கம்பி அடியோடு தொய்ந்து, கொக்கியிலே அசைந்து கொடுக்கிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிக்கிறோமல்லவா? அதே வித்தைதான்! பல்சக்கரங்களுக்கு இடம் விடவேண்டியிருப்பதால் வலப்புறத்துக் கம்பிகள் அதிகச் செங்குத்தாக நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க அவற்றுக்கு இடப்புறத்தைவிட அதிக இழுப்பு அவசியம். அந்தப் பக்கம் ஒரு கம்பி மாற்றவேண்டுமானால் பல்சக்கரத்தையே கழற்றியாக வேண்டும் என்பது கூடுதல் தொல்லை.

மலிவைப் பற்றி நமக்குப் புகார் இல்லை. ரிம்மும் கம்பியும் அப்படியொன்றும் மட்டமானவையல்ல. பார்வைக்கு நேராக ஓடினால் போதுமென்று சக்கரத்தை அனுப்பிவிடுகிறார்களே, மிச்சம் பிடித்தது ஒரு தொழிலாளியின் அரைமணி நேரத்தை! அதைத்தான் பெரியவர் செலவிட்டார். நிப்பிள்களைக் கால் திருகு, கால் திருகாக இறுக்கினார், சுண்டினார், மறுபடியும் இறுக்கினார். வலப்புறம் முழுவதும் ஒரு சுருதி, இடப்புறம் முழுவதும் அதற்குத் தாழ்ந்த ஒரு சுருதி. கூலி நூற்றைம்பது ரூபாய். பதினோரு மாதமாயிற்று, அதன்பின் ஒரு கம்பியும் ஒடியவில்லை.

பெரியவருக்குக் கண் மங்கி வருகிறது. ரிம்மின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தே கோட்டத்தைக் கண்டுபிடிக்கிறார். அவருடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. நமது வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் சனிக்கிழமைகளில் அங்கே போய் நிற்கிறான். கால் திருகு என்றால் அரைத் திருகு திருகிவிட்டு, பெரியவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.