பெட்டி அடைக்கிற கை

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையோரம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பெட்டி அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முன்னால் குவிந்து கிடக்கும் குச்சிகளிலிருந்து வலது கை ஒரு பிடி அள்ளுகிறது. கட்டைவிரல் ஒன்றிரண்டைத் தள்ளிவிடுகிறது. பாதி திறந்த பெட்டிக்குள் குச்சிகள் இறங்கியதும் உள்ளங்கை அதைத் தட்டி மூடுகிறது. அதற்குள் இடது கையில் அடுத்த பெட்டி வந்துவிட்டது. எண்ணுவதே இல்லை. ஒரு பெட்டியை வாங்கிக் கொட்டி எண்ணிப் பார்த்தேன், சரியாக 50.

"கைக்குத் தெரியும் தம்பி. கண்ணு எதுக்கு?" என்றார்.

அவர் உள்ளங்கையில் பழைய தழும்புகள் இருந்தன. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். அவசரத்தில் இரண்டும் உரசிக்கொண்டால் பெட்டி கைக்குள்ளேயே குப்பென்று பற்றும். வீசி எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். பெட்டிக் கணக்கில் கூலி என்பதால், வேகமாக அடைப்பவருக்குத்தான் இந்த ஆபத்தும் அதிகம்.

இவர் சிறுமியாக வந்தபோது செய்தது கட்டை அடுக்கும் வேலை. பள்ளம் வெட்டிய கட்டைகளில் ஒவ்வொரு குச்சியாகப் பதித்து, கட்டை மேல் கட்டையாக அடுக்கிச் சட்டத்தில் இறுக்க வேண்டும். பிறகு ஆண்கள் அந்தச் சட்டத்தை முதலில் மெழுகிலும் அடுத்து மருந்திலும் முக்கி எடுப்பார்கள். வீடுகளில் அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டினார்கள். இன்று முக்குவதும் உலர்த்துவதும் இயந்திரத்தில். பெட்டி அட்டையில் வருகிறது. பாதி இயந்திரம் வைத்த ஆபீஸ்களில் கைக்கு மிஞ்சியது பெரும்பாலும் பெட்டி அடைப்பதுதான். முழு இயந்திர ஆலைகளில் அதுவும் இல்லை.

இயந்திரம் வந்தது, கை போனது என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இயந்திரம் நூறு வருஷமாகவே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பிய அதே 1920களில்தான் ஸ்வீடன் முதலீட்டில் விம்கோ இந்தியாவில் ஆலை தொடங்கியது. அவ்வளவு பெரிய ஆலையோடு போட்டி போட்டு சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் குடியாத்தமும் கையால் செய்த தீப்பெட்டியை நாடு முழுக்க விற்றன. கூலி மலிவாக இருந்தது. மானாவாரி மண்ணில் ஆண்டுக்குச் சில மாதம்தான் வேலை என்பதால் ஆளும் கிடைத்தது. ஆனால் அது மட்டும் காரணமல்ல. கலால் வரி பல பத்தாண்டுகள் பெரிய ஆலைக்கு ஒரு விகிதம், கைத்தொழிலுக்குக் குறைந்த விகிதம் என்று போடப்பட்டது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் கையால் செய்ததற்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்றே அந்த வேறுபாடு நின்றது. 2020 ஏப்ரலில் இரண்டும் 12 சதவீதம் ஆனது. பாதி இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு அது நிம்மதி; 18 சதவீதத்தில் அவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். கட்டை அடுக்கிய கடைசிச் சில ஆபீஸ்களுக்கு அதோடு இருந்த ஒரே பிடிமானமும் போயிற்று. கை வேலைக்கு ஆள் வைத்திருப்பதால் முதலாளிக்கு இனி ஒரு பைசா மிச்சமில்லை.

பழைய நாட்களைப் பொற்காலம் என்று நான் எழுதமாட்டேன். இருட்டு விலகும் முன்பே பஸ் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன நாட்கள் அவை. 1976-இல் அப்படிப் போன ஒரு பஸ் வெள்ளத்தில் சிக்கிக் குழந்தைகள் செத்துப்போனார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்த அம்மாவின் மகள் தீப்பெட்டி ஆபீசுக்குள் கால் வைக்காமல் நர்சிங் படித்திருக்கிறாள். சட்டம் ஒரு தொழிலைக் கெடுத்துவிட்டது என்று எனக்குச் சொன்ன ஒரு வியாபாரியிடம் இதைத்தான் சொன்னேன்: அந்தச் சட்டம் கெடுத்தது எதுவோ, அது கெட வேண்டியது.

இன்றைக்கு வட்டாரம் முழுக்கப் பேச்சு லைட்டரைப் பற்றித்தான். பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் விற்பனையைத் தின்றுவிடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2022-இல் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதன் பிறகு பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். அடுத்த ஆண்டு பாகங்களுக்கும் தடை வந்தது. இந்தத் தடை நியாயம் என்றே நினைக்கிறேன். தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்காக இத்தனை வீடுகளின் அடுப்பை அணைக்க வேண்டியதில்லை.

ஆனால் தடைக்காகக் கோரிக்கை வைத்த எல்லாரும் சொன்ன முதல் காரணம் இந்தப் பெண்கள். லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு என்றுதான் மனுக்கள் தொடங்கின. அப்படியானால் தடையால் கிடைத்த நிம்மதியில் இவர்களுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பது முறைதானே. தடைக்கு முன்பு நடந்த விலை ஏற்றத்தையே பாருங்கள். 14 ஆண்டுகள் ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் 2 ரூபாய் ஆனது. கிலோ 425 ரூபாய்க்கு விற்ற சிவப்பு பாஸ்பரஸ் 810 ஆகியிருந்தது. மெழுகும் அட்டையும் ஏறியிருந்தன. விலை ஏற்றம் தவிர்க்க முடியாததுதான். அதோடு பெட்டிக்குள் இருந்த 36 குச்சி 50 ஆயிற்று.

"பதினாலு குச்சி கூடுச்சில்ல தம்பி. கூலியும் கூட்டத்தான் செஞ்சாக. ஆனா குச்சி கூடின கணக்குக்குக் கூடல."

சொல்லிக்கொண்டே இரண்டு பெட்டி அடைத்துவிட்டார். பக்கத்திலிருந்த இளையவர் சிரித்தபடி, "அதுக்குத்தான் மதினி நாங்க நூறு நாள் வேலைக்குப் போறோம்" என்றார். அந்த வேலை இருக்கும் நாட்களில் கொட்டகையில் பாதி காலி என்று கணக்கப்பிள்ளையும் ஒத்துக்கொண்டார். ஆள் கிடைக்கவில்லை என்று வேன் அனுப்பித் தூரத்து ஊர்களிலிருந்து கூட்டி வருகிறார்கள். ஆள் கிடைக்காததால் இயந்திரம் வாங்குகிறோம் என்பது முதலாளிகளின் வாதம். இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அதை முழுதாகச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் விளங்கிவிடும்.

மழைக் காலத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை குறையும். பெட்டிக் கணக்குக் கூலியில் அந்த நஷ்டம் முழுக்கத் தொழிலாளி தலையில்தான் விழுகிறது. பி.எஃப். எண் இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு இருக்கிறது, பக்கத்தில் இருந்தவருக்கு அப்படி ஒன்று உண்டா என்பதே தெரியவில்லை. இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே வேலை செய்கிறார்கள்.

இறக்குமதித் தடையையும் வரிச் சலுகையையும் இனி யார் கேட்டுப் போனாலும், மனுவோடு மூன்று தாள்கள் சேர்த்து வைக்கட்டும்: 50 குச்சிப் பெட்டிக்கான கூலி விகிதம், மழை மாதங்களில் கொடுத்த குறைந்தபட்சத் தொகை, ஆபீசில் பி.எஃப். உள்ளவர்களின் பட்டியல். கலெக்டர் அலுவலகத்தில் வாங்கிச் சரிபார்க்கக் கூடியவைதான் மூன்றும்.