வாத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஊர்

வயலினை உங்களுக்குத் தெரியும். கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். அதற்கு ஆறடி உயரத்தில் ஒரு பெரியண்ணா உண்டு என்றால் நம்புவீர்களா? 'டபிள் பேஸ்' என்று பெயர். மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டியில் பின் வரிசையில் நின்று 'உம்... உம்...' என்று உறுமிக்கொண்டிருக்கும். வாசிப்பவர் நின்றுகொண்டோ, உயரமான முக்காலியில் உட்கார்ந்தோ, அதைத் தம்மீது சாய்த்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். அதன் கனத்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் அது நின்றுவிட்டாலோ, கூடத்துத் தூண் ஒன்றை உருவிவிட்டாற்போல் இருக்கும்.

இந்தப் பெரியண்ணாவுக்கு வயதாகி, விலா எலும்பு விட்டு, தொண்டை கட்டிக்கொண்டால் யாரிடம் போவது? அந்த வைத்தியத்தில் கை தேர்ந்த ஓர் ஊர் இருக்கிறது. வாருங்கள், பார்த்துவிட்டு வரலாம்.

ஜெர்மனியின் தென்கோடியில் பவேரியா மாகாணம். மியூனிக் நகரில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் மிட்டன்வால்ட் என்ற சிற்றூர் வந்துவிடும். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரம். தலைக்கு மேலே கார்வெண்டல் மலைத்தொடர். பக்கத்தில் இஸார் நதி. இன்னும் சற்றுத் தூரம் போனால் ஆஸ்திரியா. வீட்டுச் சுவர்களில் எல்லாம் வண்ணச் சித்திரங்கள். மாதா கோயில் வாசலுக்கு வந்தால் ஒரு வெண்கலச் சிலை. ராஜாவா, தளபதியா என்று பார்த்தால், இரண்டும் இல்லை! ஒரு மனிதர் உட்கார்ந்து வயலின் செதுக்கிக்கொண்டிருக்கிறார். மத்தியாஸ் குளோட்ஸ் என்று பெயர். 1653-ல் பிறந்து 1743-ல் காலமானவர்.

இவருக்கு ஏன் சிலை? வெனிஸ் நகர வியாபாரிகள் 1487-லிருந்து தங்கள் சந்தையை இந்த ஊரில் நடத்தி வந்தார்கள். ஊரும் செழித்தது. 1679-ல் சந்தை மறுபடி போல்சானோவுக்கே போய்விட்டது. பிழைப்புப் போன ஊர் என்ன செய்யும்? இத்தாலியில் பாதுவா நகரத்துப் பட்டறையில் வேலை பழகிய குளோட்ஸ், 1680-களில் ஊர் திரும்பி வயலின் செய்யத் தொடங்கினார். மலைமேல் மரம் இருந்தது. ஊரில் சும்மா இருந்த கைகளும் இருந்தன. பிள்ளைகளும் பேரன்மாரும் அந்தத் தொழிலையே பிடித்துக்கொண்டார்கள். செய்த வாத்தியங்களை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். 1858-ல் வயலின் செய்யக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடமே வந்துவிட்டது. இன்றும் அது நடக்கிறது.

அந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் பாட்டனார் காலத்து டபிள் பேஸ் ஒன்று வந்து படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பதினாறு வயதுப் பெண் ஒருத்தியும் அவள் தாயாரும். பெண்ணுக்கு இசைக் கல்லூரியில் சேர ஆசை. நுழைவுத் தேர்வுக்கு வாத்தியம் வேண்டும். புதிது வாங்க வசதியில்லை. வீட்டுப் பரணில் கிடந்ததைத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள்.

கைவினைஞர் முதலில் விரலை மடக்கி வாத்தியத்தைச் சுற்றிலும் தட்டிப் பார்ப்பார், நாம் பானை வாங்கும்போது தட்டுவதில்லையா, அதேபோல். ஒட்டு விட்ட இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பிறகு மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேல் பலகையைப் பிரிப்பார். தாயாருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் பலகைக்கு ஒன்றும் ஆகாது.

ரகசியம் பசையில் இருக்கிறது. நம் ஊர்த் தச்சர்கள் 'வஜ்ஜிரம்' என்பார்களே, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை, அதேதான். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சுமார் 60 டிகிரிச் சூட்டில் இளக்கித் தடவுகிறார்கள். பெயர்தான் வஜ்ஜிரம், இதன் பெருமையோ விட்டுக்கொடுப்பதில்! குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது மரம் காய்ந்து சுருங்கும். அப்போது பசை பிடிவாதமாக நின்றால் பலகை பிளந்துவிடும். வஜ்ஜிரம் தான் விட்டுக்கொடுத்து மரத்தைக் காப்பாற்றுகிறது. மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். இப்படிப் பிரித்துப் பிரித்து ஒட்ட முடிவதால்தான் இருநூறு, முந்நூறு வருஷத்து வாத்தியங்கள் இன்றும் மேடையில் நிற்கின்றன. ஆணி அடித்தவர்களும், கடைப் பசையை ஊற்றி ஒரே நாளில் ஒட்டியவர்களும் செய்து வைத்த கோலத்தைச் சரிசெய்வதுதான் மெத்தக் கஷ்டம்.

உள்ளே என்ன நடக்கிறது? பிளவுகளைக் கழுவி ஒட்டி, உட்புறம் சின்னச் சின்ன மரத் துண்டுகளை, இழைக்குக் குறுக்காக வைத்து ஒட்டுகிறார்கள். கிழிந்த ரவிக்கைக்கு உட்புறம் ஒட்டுத் துணி வைத்துத் தைக்கிறோமே, அந்த மாதிரி. மேல் பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். முதுகு பெரும்பாலும் மேப்பிள். இரும்புத் தந்திகள் நான்கையும் முறுக்கினால், எல்லாம் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். ஆகவே எலும்பு பலமாக இருக்க வேண்டும்.

வயிற்றுக்குள், குதிரையின் ஒரு காலுக்கு அருகே, ஒரு மரக் குச்சி நிற்கிறது. அதை ஒட்டுவதில்லை, இறுக்கத்திலேயே நிற்கும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட நாதம் மாறிவிடும். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் அதற்கு 'ஆத்மா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனித்தான் சங்கடமான கேள்வி. பழைய காலத்துப் பெரிய வாத்தியங்களில் மேட்டிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 110 சென்டிமீட்டர்கூட இருக்கும். இந்தப் பெண்ணின் விரல்களுக்கு 104, 105 போதும். என்ன செய்வது? அந்த நாளில் பலர் உடம்பையே அறுத்துச் சிறிதாக்கிவிட்டார்கள். பாட்டியின் பட்டுப் புடவையை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைப்பது போல. பாவாடை அழகாகத்தான் இருக்கும். புடவை மட்டும் திரும்பி வராது.

இன்னொரு வழி இருக்கிறது. உடம்பைத் தொடாமல், கழுத்தை மட்டும் சற்றுக் குட்டையாகப் புதிதாகச் செய்து, அதன் உச்சியில் பழைய சுருள் தலையையே பொருத்திவிடலாம். தலையும் உடலும் பாட்டனாருடையவை; கழுத்து பேத்தியின் கைக்கு ஏற்றது. நாளைக்கு நீண்ட கை உள்ள யாராவது வந்தால் இன்னொரு கழுத்து செய்துகொள்ளலாம். ஆனால் இதற்கு மாதங்கள் ஆகும், செலவும் ஆகும். தேர்வோ காத்திராது.

நல்ல கைவினைஞர் அவசரத்துக்கு இணங்க மாட்டார். "தேர்வுக்கு ஒரு வாத்தியம் வாடகைக்கு எடுத்துக்கொள், இது உன் ஆயுசுக்கு" என்பார். பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். தாயார் பணத்தை எண்ணிப் பார்ப்பாள். சம்மதித்துவிட்டால், அந்த வீட்டில் இன்னும் இரண்டு தலைமுறைக்கு நாதம் கேட்கும்.

மெருகையும் முழுக்கச் சுரண்டிப் புதிதாகப் பூச மாட்டார்கள். உதிர்ந்த இடத்தில் மட்டும் நிறம் சேர்த்துத் தொடுவார்கள். எத்தனையோ தோள்கள் சாய்ந்து தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கும். புதுத் தோளும் அங்கேதானே சாயப் போகிறது!

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் வீணையோ வயலினோ உறையில் தூங்குகிறதா? ஆணியும் கடைப் பசையும் எடுத்துக்கொண்டு யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அதை எடுத்து வாசிக்க ஆசைப்படும் குழந்தை வீட்டில் யார் என்று விசாரித்துவிடுங்கள்.