ரியாத் தந்த பரிசு

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களுக்கு ரியாத் என்னும் பெயர் புதியதன்று. பாஸ்போர்ட், விசா, மாதந்தோறும் வரும் பணம் ஆகியவற்றோடு பிணைந்துவிட்ட பெயர் அது. உழைப்புக்கு ஊதியம் தரும் அந்நகரம் அறிவுக்கும் பரிசு தருகிறது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

மன்னர் ஃபைஸல் அவர்கள் 1975இல் மறைந்தார்கள். மறு ஆண்டே அவர்களுடைய மைந்தர்கள் தந்தையின் பெயரால் ஓர் அறநிறுவனம் கண்டனர். 1979 முதல் அது உலகளாவிய பரிசுகளை வழங்கி வருகிறது. இஸ்லாமியப் பணி, இஸ்லாமிய ஆய்வு, அரபு இலக்கியம் ஆகியவற்றோடு 1982இல் மருத்துவமும், 1984இல் அறிவியலும் சேர்ந்தன. ஒரு துறைக்கு ஏழரை லட்சம் ரியாலும் தங்கப் பதக்கமும் உண்டு. தமக்குத் தாமே விண்ணப்பிக்க இயலாது. கல்வி நிறுவனங்களே முன்மொழிய வேண்டும். 1980இல் இஸ்லாமியப் பணிக்காக இப்பரிசைப் பெற்றோருள் லக்னோ மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வி அவர்களும் ஒருவர் என்பதை மூத்தோர் அறிவர்.

2006இல் அறிவியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவருள் ஒருவர் தமிழர் என்பதைப் பலர் அறியார். அவர் எம். எஸ். நரசிம்மன். தண்டரை என்னும் சிற்றூரில் 1932இல் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் ராசின் என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரிடம் கணிதம் கற்றவர். நம் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை சென்றடையும் காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்ரியுடன் சேர்ந்து 1965இல் அவர் வெளியிட்ட தேற்றம், கணிதத்தின் இருவேறு துறைகளுக்கிடையே பாலம் அமைத்தது. பின்னாளில் இயற்பியலாருக்கும் அது பயன்பட்டது. அத்தேற்றத்திற்கு 1983இல் புதிய நிறுவல் தந்த ஆங்கிலேயர் டொனால்ட்சனே அவருடன் பரிசு பெற்ற மற்றவர்.

இங்கே நாம் கருத வேண்டியவை இரண்டு. முஸ்லிம் மன்னர் ஒருவரின் பெயரால் அமைந்த பரிசு, பெற்றவரின் குலத்தையோ சமயத்தையோ கேட்கவில்லை. அவருடைய அறிவை மட்டுமே நிறுத்துப் பார்த்தது. மற்றொன்று, தேற்றத்திற்கும் பரிசுக்கும் இடையே 41 ஆண்டுகள் கழிந்தன. கல்வி உடனே காய்க்கும் மரமன்று.

சென்ற ஆண்டு ஆவடியிலிருந்து நண்பர் ஒருவர் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். மகனுக்குக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு; பட்டப்படிப்பில் ஆசை. ரியாதில் இருக்கும் தாய்மாமனோ வேலைக்கான விசாவை ஆயத்தமாக வைத்திருந்தார். “கணக்குப் படித்து என்ன ஆகும்?” என்றார் நண்பர். மேற்சொன்ன வரலாற்றையே நாம் அவருக்கு எடுத்துரைத்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. இரு வாரங்களுக்குப் பின் தாய்மாமனே அனுப்பிய பணத்தில் பையன் கல்லூரியில் சேர்ந்தான்.

அவன் பரிசு பெறுவானா என்பதன்று கேள்வி. அயல்நாட்டில் வெயிலில் உழைத்து ஈட்டும் பொருளில் ஒரு பங்கு, பையனாயினும் பெண்ணாயினும், படிக்க விரும்பும் பிள்ளையின் நெடுங்கால அவகாசத்திற்காகச் செலவாக வேண்டும். அதைவிடச் சிறந்த முதலீட்டை நாம் அறியோம்.