மௌனத்துக்குப் பின் வரும் ஏற்றம்

கருத்தரங்கு ஒன்றுக்காகக் கோவா சென்ற ஓர் ஆய்வு மாணவர், முதல் நாள் இரவு பணஜியின் படகுத்துறையிலிருந்து மாண்டவி ஆற்றில் நிற்கும் காசினோக் கப்பல் ஒன்றுக்குப் போனார். கையில் 12,000 ரூபாய். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளருக்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர் அமர்ந்தது பாட்-லிமிட் ஒமாஹா மேசை. கட்டாயப் பந்தயம் 50, 100 ரூபாய். பெரும்பணக்காரர் திரும்பிப் பார்க்காத சிறிய மேசை அது.

ஒமாஹாவில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள். அவற்றுள் சரியாக இரண்டையும், பொதுவில் விரிக்கப்படும் ஐந்தில் மூன்றையும் சேர்த்தே கை அமைய வேண்டும். நான்கு சீட்டுகளுக்குள் ஆறு இணைகள் அடங்கியிருப்பதால், வலிய கைகள் இங்கே மலிவு. ஏற்றும் தொகைக்கு உச்சவரம்பு, நடுவில் சேர்ந்திருக்கும் பணம்.

மாணவரின் கையில் ஏஸ், கிங், இரண்டு ஒன்பதுகள். மூவர் தலா 300 ரூபாயும் விலகியவரின் 100 ரூபாயும் சேர்ந்து, மேசைக் கட்டணம் நீங்கலாக, நடுவில் 1,000 ரூபாய். முதல் மூன்று பொதுச்சீட்டுகள்: 9, 8, 5, மூன்றும் வெவ்வேறு இனம். மூன்று ஒன்பதுகள் அமைந்துவிட்டன. முதலில் ஆட வேண்டிய முதியவர் ‘செக்’ என்று மேசையைத் தட்டினார். மாணவர் 700 வைத்தார். மூன்றாமவர் விலகினார். முதியவர் நிதானமாக 3,100 என்று ஏற்றினார். விதி அனுமதிக்கும் உச்சத் தொகை அதுவே.

செக்-ரெய்ஸ் எனப்படும் இந்த நகர்வு மௌனம் காத்துப் பிறகு பேசுவது. அதன் பொருளைப் பேசுபவரின் வழக்கத்தை வைத்தே கொள்ள வேண்டும். ஓயாமல் ஏற்றுபவரிடத்தில் அது வெறும் இரைச்சலாக இருக்கலாம். இந்த முதியவரோ மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட அவ்வாறு செய்ததில்லை. சிறிய மேசைகளில் இத்தகையவரின் ஏற்றம் பெரும்பாலும் சொன்னதையே குறிக்கும். மாணவருக்கோ அது அவமதிப்பாகப் பட்டது. ‘என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறார்’ என்ற எண்ணம், கணக்குக்கு முன்னால் வந்து நின்றது.

கணக்கு பின்னால் வந்தது. நடுவில் 4,800, தொடர 2,400. ஆகவே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பிருந்தால் போதும். முதியவரிடம் 7, 6 இருந்து வரிசை அமைந்திருந்தாலும், பொதுச்சீட்டுகளில் இணை விழுந்தாலோ நான்காவது ஒன்பது வந்தாலோ மாணவர் வெல்வார். எஞ்சிய இரண்டு சீட்டுகளையும் பார்த்தால் அதற்கு ஏறத்தாழ 38 விழுக்காடு வாய்ப்பு. 33 போதும், 38 இருக்கிறது. தொடர்ந்தார்.

பிழை இங்கேதான். 38 என்பது இரண்டு சீட்டுகளுக்கான எண். அவர் செலுத்தியதோ ஒரே சீட்டுக்கான கட்டணம். அடுத்த சீட்டில் மட்டும் அவருக்கு வாய்ப்பு 17 விழுக்காடு. இரண்டாவதைப் பார்க்க முதியவர் மறுபடியும் விலை கேட்பார்; அந்த விலை கணக்கில் ஏறவேயில்லை. முதியவரிடம் மூன்று எட்டுகளோ நிறைவேறாத வரிசையோ இருக்கக்கூடும் என்பதால், ஒருமுறை தொடர்வதைத் தவறென்று சொல்ல முடியாது. அடுத்த கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு தொடர்ந்திருக்க வேண்டும். சொல்லப்போனால், 700 ரூபாயை வைக்கும் முன்பே ‘இவர் ஏற்றினால் என்ன செய்வேன்?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

நான்காவது சீட்டு 2. முதியவர் நடுவிலிருந்த 7,200க்கு நிகராக 7,200 வைத்தார். இப்போது மாணவருக்கு உதவும் சீட்டுகள் பத்து. வாய்ப்பு 25 விழுக்காடு. வென்றால் எஞ்சிய 1,400 ரூபாய்க்கு நிகரான தொகையும் வந்து சேரும் என்று கொண்டாலும், தொடர 31 விழுக்காடாவது வேண்டும். விலக வேண்டிய இடம். மாணவருக்கு அது தெரியாமலில்லை. ஏற்கெனவே போட்ட பணம் தன்னுடையது என்ற எண்ணம் விடவில்லை. நடுவில் விழுந்த பணம் எவருடையதும் அன்று என்பதைக் கை ஏற்க மறுத்தது. தொடர்ந்தார். கடைசிச் சீட்டு கிங், எதற்கும் உதவவில்லை. எஞ்சிய 1,400ஐயும் மிச்சம் வைக்க மனம் வராமல் செலுத்தினார். முதியவர் 7, 6 காட்டிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் சில்லுகளை அடுக்கத் தொடங்கினார். அவரிடம் வெற்றிப் பெருமிதம் ஏதுமில்லை. தொடக்கத்திலிருந்தே அவர் எவரையும் பயமுறுத்தவில்லை. தம்மிடம் இருந்ததைச் சொன்னார், அவ்வளவே.

மறுநாள் காலை மாணவரின் அமர்வு. கட்டுரை வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருவர் எளிய கேள்விகள் கேட்டனர். இரண்டு நாள்களாக வாய் திறவாத பேராசிரியை ஒருவர் இறுதியில் கை உயர்த்தி, மூன்றாவது முடிவுக்கு அடிப்படையான தரவு ஒரே கிளைமொழியிலிருந்து மட்டும் வந்ததல்லவா என்று கேட்டார். மாணவருக்கு முகம் சூடேறியது. மறுப்பதற்கான வாக்கியம் நாவின் நுனியில் இருந்தது. நீரைக் குடித்தார். அந்த முடிவில்தான் ஆய்வேட்டின் ஓர் இயல் முழுவதும் நின்றது. அதற்கு எட்டு மாதங்கள் செலவாகியிருந்தன.

“ஆம், ஒரே கிளைமொழிதான். இந்தத் தரவை வைத்து அந்த முடிவைச் சொல்ல இயலாது. அதை விலக்கிக்கொள்கிறேன்” என்றார்.

பேராசிரியை தலையசைத்துக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். தேநீர் இடைவேளையில் வந்து, தம்மிடம் வேறு இரண்டு கிளைமொழிகளின் ஒலிப்பதிவுகள் இருப்பதாகச் சொன்னார்.