மட்டையும் கையும்

சேலையூரில் இறகுப்பந்து பயிலும் என் பெயர்த்திக்கு மட்டை வாங்கத் தாம்பரம் கடைவீதிக்கு யான் தனியே சென்றேன். இளமையில் தஞ்சையில் பூப்பந்து ஆடியவன் யான். கம்பளி நூலால் ஆகிய அப்பந்து ஏறத்தாழ 30 கிராம் எடையுடையது; அதனை எதிர்க்கும் மட்டையும் கனத்தே இருக்கும். அந்நினைவால், தலைப்பக்கம் கனத்த மட்டை ஒன்றைத் தேர்ந்தேன். விலையும் மிகுதியாக இருந்ததால் சிறந்ததென்றே துணிந்தேன்.

16 இறகுகள் செருகிய இறகுப்பந்தின் எடையோ 5 கிராம் அளவே. தலை கனத்த மட்டை, பின்னின்று ஓங்கி அடிப்பவர்க்கு வலிமை தரும். என் பெயர்த்தியோ வலையருகே நின்று, நொடியில் மட்டையைத் திருப்பி ஆடுபவள். பத்து நாளில் அவள் மணிக்கட்டு வீங்கிற்று. தாத்தா மனம் வருந்துவார் என்று அவள் வாய் திறக்கவில்லை. அவள் தாய் கூறியே யான் அறிந்தேன்.

வீக்கம் வடிந்தபின் இருவரும் கடைக்குச் சென்றோம். யான் வாளா இருந்தேன். தமிழாசிரியனுக்கு அஃது எளிதன்று! அவள் ஒவ்வொரு மட்டையின் தண்டையும் ஒரு விரல்மேல் கிடத்தி, எப்பக்கம் சாய்கிறதென்று நோக்கினாள். கைப்பிடியைப் பற்றிப் பருமன் பார்த்தாள். நரம்பை மிக இறுக்க வேண்டா என்றாள். இறுகிய நரம்பு பந்தைக் குறிப்பிட்ட இடத்தில் வீழ்த்த உதவும். ஆயின் விசை முழுவதையும் கையே தரவேண்டுமாம்.

பாதி விலை மட்டையே அவளுக்கு அமைந்தது. கனத்த மட்டை என் நூலடுக்கின் அருகே ஆணியில் தொங்குகிறது.