மஞ்சள் பையில் போன பாட்டில்கள்

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், நான்காம் கட்டம் என்று தெரிந்த வாரத்திலேயே வீட்டுக்கு டப்பாக்கள் வரத் தொடங்கிவிட்டன. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள். ஒருவர் சீந்தில் பொடி கொடுத்தார். இன்னொருவர் தினம் கோதுமைப்புல் சாறு. அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினன் குர்குமின் மாத்திரையும் கிரீன் டீ மாத்திரையும் கொண்டுவந்தான். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எதிர்ப்பு சக்தி ஏறும்."

2020இல் கபசுரக் குடிநீர் குடித்துப் பழகிய வீடு எங்களுடையது. சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டோமா என்றால், அதுவும் இல்லை. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. தினம் காலையில் பொடியைக் கலக்கிக் கொடுத்தால், நானும் ஏதோ செய்கிறேன் என்று எனக்கு ஒரு ஆறுதல்.

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் ஏறியிருந்தன. ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். "வேறே என்னம்மா சாப்பிடறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த முறை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனோம். டாக்டரம்மா திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். 2020இல் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருப்பதைச் சொன்னார். கிரீன் டீ மாத்திரையும் சிலருக்கு ஈரலைக் கெடுக்குமாம். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மாத்திரையில் அடைத்த குர்குமின் வேறு. டமாக்சிஃபென் போன்ற மருந்தின் அளவை அது ரத்தத்தில் குறைத்துவிடலாம் என்றார். வெள்ளணு குறைந்திருக்கும்போது பச்சைச் சாறும் வேண்டாம், கிருமி தொற்றும். பருப்பு, முட்டை, நன்றாக வேகவைத்த காய்கறி போதும். காய்ச்சல் 100.4 தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் நிறுத்தினோம். மூன்று வாரத்தில் ஈரல் அளவுகள் இறங்கின. எதனால் ஏறியது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். ஆனால் தள்ளிப்போன அந்த நாட்கள் போனவைதான்.

"அன்பாக் கொடுக்கறதை வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?" என்று கேட்டவள், பிறகு தானே வழி கண்டுபிடித்தாள். பொடியோடு வருபவர்களிடம், "அது இருக்கட்டும், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிட்டுப் போங்க" என்பாள். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த வைத்தியம் நடந்தால், அலமாரியில் இருப்பதை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.