பார்படாஸ் புழுதியும் பெரியம்மா வீட்டுப் புழுதியும்

போன வருசம் ஜூன் மாசம், ராத்திரி ஏழரை மணி இருக்கும். தங்கச்சி மகன் வீடியோ காலில் வந்தான். கப்பலில் சமையல் வேலை பார்க்கிறவன். கப்பல் பார்படாஸ் தீவில் நிக்குதாம், அங்கே அப்போ காலை பத்து மணி. "மாமா, வானத்தப் பாருங்க"ன்னு போனைத் திருப்பினான்.

நம்ம சிவகாசி காலண்டரில் அச்சடிக்கிற மாதிரி நீலக் கடலும் தென்னை மரமும் தெரியும்னு பார்த்தேன். தெரிஞ்சது நீர்மோர் மாதிரி வெளுத்த வானம். "என்னடா, பனியா?"ன்னு கேட்டேன். "புழுதி மாமா. ஆப்பிரிக்காவுல இருந்து வருதாம். கம்பியைத் தொட்டா கையில செம்மண் ஒட்டுது. மழையும் இல்ல, வெக்கை தாங்கல" என்றான்.

சுத்தியும் கடல், அதுல எங்கிட்டு இருந்துடா புழுதின்னு சிரிச்சேன். அப்புறம் தேடிப் படிச்சதும் சிரிப்பு போயிருச்சு.

சகாரா பாலைவனத்தில் கோடையில் சூடேறி எழும்புற காத்து, நைஸான மண்ணையும் தூக்கிக்கிட்டு மேற்கே கிளம்புது. தரையிலிருந்து ஒண்ணரை கிலோமீட்டர் உயரத்துக்கு மேல, மூணு நாலு கிலோமீட்டர் கனத்தில், காய்ஞ்ச சூடான ஒரு அடுக்காகவே அது நகருது. அட்லாண்டிக் கடலைத் தாண்ட ஒரு வாரம் போல ஆகும். அந்த அடுக்கு தலைக்கு மேல நிக்கிற வரைக்கும் மேகம் திரளாது. அதான் தீவில் மழையில்லாத வெக்கை. ஜோசப் ப்ராஸ்பெரோ என்கிற விஞ்ஞானி 1965-லிருந்தே பார்படாஸில் இந்தப் புழுதியைப் பிடிச்சு அளந்திருக்கார். 2020 ஜூனில் வந்தது அம்பது வருசத்தில் காணாத புழுதின்னு சொன்னாங்க.

சகாராவிலேயே அதிகமாப் புழுதி கிளம்புற இடங்களில் ஒண்ணு, சாட் நாட்டில் இருக்கிற போடேலே பள்ளம். அது ஒரு காலத்தில் பெரிய ஏரியோட அடித்தரை. தண்ணி வத்தினதும் வெறும் தூளா நிக்குது. குளிர்காலத்தில் அந்தத் தூள் அமேசான் காடு வரைக்கும் போகுதாம்.

இதைப் படிச்சதும் நேரா எங்க அணைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அர்ச்சுனா நதிக்குக் குறுக்கே கட்டின ஆனைக்குட்டம் அணை. விருதுநகர்க்காரங்க இந்தத் தண்ணியைத்தான் குடிச்சு வளர்ந்தாங்க. ஆனா கோடையில் வந்து பார்த்தீங்கன்னா ஆடு மேயும். ஆனி, ஆடியில் மேகாத்து ஆரம்பிச்சா, அந்தக் காய்ஞ்ச தரையிலிருந்து புகை மாதிரி எழும்பி ஊருக்குள்ள வரும். மணல் ரொம்பத் தூரம் பறக்காது. அது துள்ளித் துள்ளி விழுந்து தரையோட மேலோட்டை இடிக்கும். அந்த இடியில்தான் நைஸ் மண் கிளம்புது.

அணையைச் சொல்லி நான் தப்பிச்சுக்க முடியாது. காரணம் சொல்றேன்.

விவசாயிக்குப் புழுதி கெட்ட வார்த்தை இல்ல. புழுதி உழவு, புழுதி விதைப்புன்னு வாய் நிறையச் சொல்றவங்க நாங்க. புழுதி காய உழுவதைத் திருக்குறளே புகழ்ந்திருக்கு. போன வருசம் வைகாசியில், மக்காச்சோளக் கட்டையெல்லாம் போகட்டும்னு ரோட்டவேட்டர் விட்டு ரெண்டு தடவை ஓட்டினேன். மண்ணு மைதா மாவு கணக்கா ஆச்சு. வரப்பில் நின்னு பார்க்க எனக்கே பெருமையா இருந்துச்சு.

எங்க காட்டுக்குக் கிழக்கே பெரியம்மா வீடு. ரொம்ப வருசம் பட்டாசு வேலை பார்த்த உடம்பு, இழுப்பு உண்டு. ஜூன் மொத வாரம் மூணு நாள் விடாமக் காத்து. மூணாவது நாள் ராத்திரி பெரியம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு நிக்கவே இல்ல. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விடியுற வரைக்கும் முகத்தில் மாஸ்க்கை வச்சுக்கிட்டுக் கிடந்தாங்க. அவங்க சேலை மடிப்புல கறுப்பா மண்ணு. செம்மண் இல்ல, அணை மணலும் இல்ல. என் காட்டுக் கரிசல்.

"நீ என்னப்பா செய்வ, காத்துக்கிட்டச் சொல்லியா வைக்க முடியும்?"னாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

மருமகன் போன் வந்தது அதுக்கு அடுத்த வாரம்தான். இன்னொண்ணும் படிச்சேன். பார்படாஸ் பவளப்பாறைத் தீவு. அங்கே கரும்பு விளையுற மண்ணில் ஒரு பங்கு, பக்கத்துத் தீவு எரிமலைச் சாம்பலும் சகாராப் புழுதியும் ஆயிரக்கணக்கான வருசமா விழுந்து சேர்ந்ததாம். மண்ணில் சத்தான நைஸ் பாகம்தான் மொதல்ல பறக்கும். அப்போ பெரியம்மா நெஞ்சுக்குள்ள போனது என் காட்டோட சத்து. ரெண்டு பேருக்குமே நட்டம்.

இந்த வருசம் ரோட்டவேட்டரைக் கூப்பிடல. மக்காச்சோளத்தை முழங்கால் உயரத்துக்குக் கட்டை விட்டு அறுத்தேன். ஆடு மேய்க்கிறவங்களுக்கும், "சோவையை மட்டும் தின்னட்டும், கட்டையைப் பிடுங்காதீக"ன்னு சொல்லியாச்சு. சித்திரை மழைக்கு மேகாட்டு ஓரத்தில் மட்டும் ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒரே சால் ஓட்டி, கட்டி உடையாம அப்படியே போட்டுட்டேன். கட்டியைக் காத்து தூக்காது. "காட்டைப் பரட்டைத் தலையாப் போட்டிருக்கியே, மேலுக்குச் சரியில்லையா?"ன்னு ஊருக்குள்ள கேலி பேசினாங்க. பேசட்டும்.

பெரியம்மாவுக்கு இழுப்பு சுத்தமா நின்னுருச்சுன்னு சொல்ல மாட்டேன். அணைப் புழுதி இருக்கு, ரோட்டுப் புழுதி இருக்கு. நேத்து நல்ல காத்து. போய்ப் பார்த்தேன், வாசல்ல உக்காந்து பயறு புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. "என்னப்பா, இந்த வருசம் உழவே இல்லையா?"ன்னாங்க.

"மழை வரட்டும் பெரியம்மா"ன்னேன்.